மைக்குக்குக் காசு உண்டு, வாய்க்குக் கிடையாதா?

போன வாரம் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைத்தார்கள். இளைஞர் தின விழாவாம். ஒரு மணி நேரம் விவேகானந்தரைப் பற்றிப் பேச வேண்டும். சன்மானம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். "ஐயா, பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லப் போறீங்க, அதுக்குப் போய் காசு கேக்கலாமா?" என்றார் அழைத்த பேராசிரியர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. கோயில் உண்டியலில் கை வைத்துப் பிடிபட்டவனிடம் பேசுவதுபோல் பேசினார். பொன்னாடை உண்டாம், நினைவுப் பரிசு உண்டாம்.

பேச்சு என்பது தொண்டு, அதற்கு விலை கேட்பது தமிழுக்கே இழுக்கு என்ற இந்த நம்பிக்கை பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஒரே மாதிரி இருக்கிறது. கல்லூரியில் உண்டு, குடியிருப்போர் நலச் சங்கத்தில் உண்டு, கோயில் விழாக் குழுவில் உண்டு. ஆனால் அதை என்னிடம் விவேகானந்தரின் பெயரால் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

1893 செப்டம்பரில் சிகாகோவில் பேசிப் பெயர் பெற்ற அந்த மனிதர் அடுத்து என்ன செய்தார்? ஸ்லேட்டன் லைசியம் பீரோ என்ற சொற்பொழிவு ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டார். ஊர் ஊராகப் போய்க் கட்டணத்துக்குப் பேசினார். இந்தியாவில் தொடங்க நினைத்த பணிக்குப் பணம் வேண்டியிருந்தது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. ஒரு கூட்டத்தில் 2,500 டாலர் வசூலாகித் தம் கைக்கு 200 டாலர்தான் வந்தது என்று கொதித்துக் கடிதம் எழுதினார். 1894இல் அந்த ஏஜென்சியை உதறினார். காவி கட்டியவர் வசூல் எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். பங்கு குறைந்தபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய ஆளுயரப் படத்தை மேடையில் வைத்துக்கொண்டு, காசு கேட்காதே என்று எனக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

பிற்பாடு நியூயார்க்கில் அவர் இலவசமாக வகுப்பு எடுத்தாரே என்பார்கள். எடுத்தார். அவராக எடுத்த முடிவு அது. விழாக் குழு கூடி, தேநீர் குடித்து, அவருக்காக எடுத்த முடிவு இல்லை.

அவரைச் சிகாகோவுக்குக் கப்பலேற்ற, பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் இதே சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார்கள். ஒரு பேச்சாளரைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் செலவைச் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் கும்பகோணத்திலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்தபோது வண்டி செங்கல்பட்டையும் தாம்பரத்தையும் தாண்டித்தான் போயிருக்கிறது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி இன்று வரிசையாகக் கல்லூரிகள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். பேச வருகிறவருக்குக் கொடுக்க மட்டும் பட்ஜெட் இல்லையாம்.

காவி வேண்டாமென்றால் கறுப்புக்கு வாருங்கள். தன்னோடு படம் எடுத்துக்கொள்ள, கையெழுத்து வாங்க, குழந்தைக்குப் பெயர் வைக்க, எல்லாவற்றுக்கும் பெரியார் காசு வாங்கி இயக்கத்தில் சேர்த்தார். யாராவது அவரைப் பேராசைக்காரர் என்றார்களா?

ஒரு விழாவின் செலவுக் கணக்கைப் பாருங்கள். பந்தல்காரருக்குப் பணம். மைக் செட்காரருக்கு முன்பணம், மீதி அன்று இரவே. ஃபிளெக்ஸ், பூமாலை, வீடியோ, சமையல் மாஸ்டர், எல்லோருக்கும் பணம். "தமிழுக்காக மைக் கட்டுங்கள்" என்று எவரும் மைக் செட்காரரிடம் சொல்வதில்லை. சொன்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மைக்கின் முன்னால் நிற்க ஒரு வாரம் படித்துக் குறிப்பெடுத்தவருக்கு மட்டும் சால்வை. விழுப்புரத்திலிருந்து பேச வருகிறவர் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து மண்டபம் வந்து சேர வேண்டும். வந்தால் கட்சிக்காரர் பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு இவரிடம் வந்து, பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள், சாப்பாடு ஆறுகிறது என்பார்கள். அதே விழாவுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகும் சினிமாக்காரர் கேட்டதைக் கொடுக்கக் கல்லூரி நிர்வாகம் தயாராக இருக்கிறது. நாலு நல்ல வார்த்தை அப்போது எங்கே போனது?

இதைவிடக் கொடுமை பெண் பேச்சாளர்களுக்கு நடப்பது. மார்ச் 8 வந்தால் குரோம்பேட்டையிலிருந்து ஊரப்பாக்கம் வரை எல்லோருக்கும் பெண்களின் உழைப்பு நினைவுக்கு வருகிறது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லையே என்று உருகுகிறார்கள். அதைப் பேச வந்த பெண்ணுக்கும் சம்பளம் கிடையாது. கேட்டால், "வீட்டுக்காரர் நல்ல வேலையில்தானே இருக்கார் மேடம்" என்கிறார்கள். இரவு பத்தரைக்குக் கூட்டம் முடிந்தால், வண்டி ஏற்பாடு செய்ய ஆளில்லாமல் தாம்பரம் பேருந்து நிலையத்தில் அவர் தனியாக நிற்கிறார்.

இளம் பேச்சாளர்களிடம் சொல்லும் ஆசை வார்த்தை இன்னொன்று: "இப்ப சும்மா பேசுங்க தம்பி, பேர் கிடைக்கும், பேர் வந்தா காசு தானா வரும்." வராது. இலவசமாகப் பேசியவருக்கு அடுத்து வருவது இன்னொரு இலவச அழைப்பு. ஒரு சங்கத்துச் செயலாளர் அடுத்த சங்கத்துச் செயலாளருக்கு எண்ணைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வரியும் சொல்கிறார்: "நல்லா பேசுவார், காசெல்லாம் கேக்க மாட்டார்." அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க வருடங்கள் ஆகும். விவேகானந்தருக்குச் சிகாகோவில் பெயர் கிடைத்தது. பெயரை வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

எனவே, தம்பி, தங்கச்சி, முதல் அழைப்பிலேயே தொகையைச் சொல்லுங்கள். "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்க்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். தலைப்பு, நேரம், தொகை, போக வர வண்டி, நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். பாதியை முன்பணமாகக் கேளுங்கள். மைக் செட்காரர் அப்படித்தான் கேட்கிறார். அழைப்பிதழ் கொண்டுவருகிறவரிடம் கெஞ்சிப் பயனில்லை, பொருளாளரிடம் பேசுங்கள். விழாக் குழு முதல் கூட்டம் போட்டுச் செலவை எழுதும்போதே உங்கள் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மார்கழிக் கூட்டங்களுக்கு ஐப்பசியிலும், பொங்கல் பட்டிமன்றத்துக்குக் கார்த்திகைக்குள்ளும் போய்ப் பேசுங்கள். மறுத்தால் அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுங்கள்.