வார இறுதியில் ஒரு நாவல்

வேலைக்குப் போகும் எழுத்தாளருக்குச் சனி, ஞாயிறு மட்டும் ஆண்டில் 104 நாட்களைத் தருகின்றன. நாளுக்கு 500 சொற்கள் எழுதினாலும் 52,000 சொற்கள் சேரும்; ஒரு நடுத்தர நாவலுக்கு அது போதும். ஆனால் கல்யாணம், காதுகுத்து, வீட்டுச் சாமான், பிள்ளைகளின் சிறப்பு வகுப்பு எல்லாம் வந்து குவிவதும் அந்த நாட்களில்தான். மிஞ்சும் நேரத்தில் எழுதலாம் என்று காத்திருப்பவர் எழுதுவதே இல்லை. நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும். வீடு விழிக்கும் முன் வரும் விடியற்காலை அதற்கு மிகப் பொருத்தமானது. இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆன்டனி ட்ரோலப், காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அவருடைய நாவல்கள் மொத்தம் 47. டோனி மாரிசன் பதிப்பகப் பணியோடு இரு மகன்களையும் வளர்த்தபடியே தம் முதல் நாவலை 1970இல் வெளியிட்டார்.

நேரத்தைவிடக் கடினமானது தொடர்ச்சி. ஐந்து நாள் இடைவெளியில் பாத்திரங்களின் குரல் மங்கிவிடுகிறது. பழைய பக்கங்களை மறுபடி வாசிப்பதிலேயே சனிக்கிழமை கரைகிறது. கதையில் அடுத்து நடக்கப்போவது தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துவது நாவலாசிரியர் ஹெமிங்வேயின் வழக்கம். அந்த அடுத்த காட்சியை இரண்டு வரிகளில் குறித்து வைத்து, வார நாட்களில் பத்து நிமிடம் கடைசிப் பக்கத்தைப் படித்துவந்தால் இழை அறாது. எழுதும் நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரின் ஒத்துழைப்பு தேவை. குறிப்பாகப் பெண்கள் எழுத வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமைச் சமையலை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதே முதல் நிபந்தனை.