பத்து ரூபாய்க்குச் சில்லறை

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். முகம் வாடியிருந்தது. 10 ரூபாயை 5, 2, 1 ரூபாய் நாணயங்களாக எத்தனை விதமாக மாற்றலாம் என்பது கேள்வி. 10 விதம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் போட்டிருந்தது பட்டியல். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "வழிமுறை எங்கே?"

"அந்தப் பட்டியல்தாம்மா வழிமுறை" என்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் முதலில் கிறுக்கியதும் இருந்தது. மனம்போனபடி எழுதிய ஏழு விதம், அதில் ஒன்று இரண்டு தடவை. பிறகு தானே யோசித்து மூன்று கட்டம் போட்டிருக்கிறாள். இரண்டு 5 வைத்தால் ஒரே வழி. ஒரு 5 வைத்தால் மீதி 5-க்கு, 2 ரூபாய் நாணயம் இரண்டு, ஒன்று, இல்லை என மூன்று வழி. 5-ஏ இல்லாவிட்டால், 2 ரூபாய் நாணயம் ஐந்திலிருந்து பூஜ்யம் வரை ஆறு வழி. எதுவும் விடுபடவில்லை, எதுவும் திரும்ப வரவில்லை. அந்த வரிசையே அதற்குச் சாட்சி. 'தகவல் செயலாக்கம்' என்று நம் அரசுப் பாடநூலில் ஒரு பாடமே வைத்திருப்பது இந்தப் பழக்கத்துக்காகத்தானே?

பட்டியல் போடுவது எவ்வளவு தூரம் உதவும் என்று காட்ட, ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் காட்டி, எஸ்.எஸ். பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1929 முதல் 1941 வரை இங்கே கணிதம் சொல்லிக்கொடுத்தவர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று நிறுவியவர். 1950-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். வயது 49.

அவர் இங்கிருந்தபோது கண்ட ஓர் உண்மை பிள்ளைகளுக்கும் புரியும். அடுத்தடுத்து வரும் எண்களில் அதிகபட்சம் 16 எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றாவது அதில் இருக்கும். 17 எண்கள் எடுத்தால் அந்த உறுதி இல்லை. 2184 முதல் 2200 வரை எழுதினால் தெரிந்துவிடும்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுதினோம். இரட்டைப்படை எண்கள் ஒன்பதும் 2-ல் அடிபட்டன. 2187, 2193, 2199 மூன்றும் 3-ல். 2185, 2195 இரண்டும் 5-ல். 2189-க்கும் 2200-க்கும் 11 பொது. 2191-க்கும் 2184-க்கும் 7 பொது. மிச்சம் 2197 ஒன்றுதான். அதில் மாட்டிக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டியதும், "அப்பா, பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்போது, அதைத் திரும்பப் பதிமூணால பெருக்கினா 2197!" என்று கத்தினாள். 2184-ம் 13-ல் வகுபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதற்குமேல் நேரமாகவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியல் ஒழுங்காக இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். ஒழுங்கில்லையென்றால், எந்த வரிசையில் எழுதினாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். குறுக்கே கோடு மட்டும் போடாதீர்கள்.