நாணம் மருந்தாகுமா?

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆண் மகவுக்கு எட்டாம் நாள் முன்தோல் நீக்குவது அவர்தம் மரபு. உற்றார் கூடி நடத்தும் விழா அது. அவ்வூர் முஸ்லிம்களின் சுன்னத்தும் ஊரறிந்த செய்தியே. நாமோ முன்தோல் இறுகி வலித்தாலும் வாய் திறப்பதில்லை! நாணம் நல்லணிதான், நோய்க்கு அது மருந்தாகுமா? கேட்கிறேன்.

“மருத்துவரிடம் போனால் கத்திதான்” என்று அஞ்சுகிறோம். அப்படியன்று. பெரும்பாலும் முதலில் ஸ்டீராய்டு களிம்புதான். மருத்துவர் சொன்னபடி தடவி, வலிக்காத அளவுக்கு மெல்லப் பின்னிழுத்து வந்தால், சில வாரங்களில் பலருக்குத் தோல் நெகிழும். நெகிழாவிட்டால், தோலை நீக்காமலே வாயை அகலப்படுத்தும் சிறு அறுவையும் உண்டு. வெளுத்துத் தழும்பேறிய தோலுக்கோ சுன்னத்தே பெரும்பாலும் தீர்வு.

வளர்ந்தபின் புதிதாக இறுகினால் சர்க்கரை நோய்க்கும் சோதனை வேண்டும். வலிந்து இழுப்பது கூடாது; தோல் கிழிந்து, ஆறும்போது மேலும் இறுகும். பின்னே சென்ற தோல் முன்னே வராமல் வீங்கினால், அந்நேரமே மருத்துவமனைக்கு விரையுங்கள். காத்திருந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

இலக்கியச் சொற்பொழிவுகளுக்கு மேடை தரும் நம் மன்றம், ஆண்டுக்கொரு மாலையை மருத்துவருக்கும் தரட்டும். உடலைப் பற்றிய அறிவும் கல்விதானே!