வளையலை அடகு வைக்குமுன்

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் பல வீடுகளில் எழும் முதற் பேச்சு புதிய லெப்டொப் பற்றியதுதான். பழையது ஒன்று இருக்கும். ஆனால் அது கண் விழிப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீரே குடித்து முடித்துவிடலாம். வாப்பா தவணைக்கு விசாரிக்கிறார். உம்மா வளையலைக் கழற்றுகிறார். 2022 இல் ரூபா வீழ்ந்த பின்னர் ஏறிய விலையில், அந்த வளையலை மீட்பது இலேசான காரியமல்ல.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். லெப்டொப் மந்தமாக ஓடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அமுக்குங்கள். தோன்றும் பட்டியலில் ‘டிஸ்க்’ ஓயாமல் நூறு வீதத்தில் நின்றால் பெரும்பாலும் நோய் அங்கேதான். பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் ஓடியோடித் தேடியே ஒவ்வொன்றையும் எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. இதை மாற்றினால் மட்டும் பழைய இயந்திரம் வேறொன்றாகிவிடும். ‘மெமரி’யும் நிரம்பியிருந்தால் 4 ஜீபி ரெம்மை 8 ஆக்குங்கள். சில மெல்லிய லெப்டொப்புகளில் ரெம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. கழற்றிப் பார்த்த பின்னரே பொருளை வாங்குங்கள்.

இன்னொரு விடயம். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தன. விண்டோஸ் 11 ஐ, இன்டெல் வகையில், அநேகமாக எட்டாம் தலைமுறை முதலானவையே முறைப்படி ஏற்கும். ஐ5-7200 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை. அதற்காக இயந்திரத்தை வீசிவிட வேண்டாம். லினக்ஸ் மின்ட் இலவசம், கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால் பிள்ளையின் பாடநெறி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளைக் கேட்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கேட்குமானால், அல்லது தாய்ப்பலகையே பழுதென்றால், பழையதில் காசு போடாதீர்கள்.

திருத்துபவரிடம் கொடுக்குமுன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். நம் பெண்பிள்ளைகளின் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அதிலேதான் இருக்கின்றன.