விண்கப்பலில் ராஜிநாமா

நம் சங்கத்து வாசகசாலைக்கு ஞாயிறுதோறும் வரும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வினாவை எழுப்பினார். விண்மீன்களிடையே உலவும் கப்பல்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களில், ஊழியர் சிலர் வேலையை உதறிவிட்டுப் போவதாகக் காட்டுகிறார்களே. உணவும் உறைவிடமும் வைத்தியமும் கப்பலிலேயே கிடைக்க, ஊர் ஊராய் அன்று, உலகம் உலகமாய்ச் சுற்றிப் பார்க்கும் அந்த உத்தியோகத்தை யார்தாம் விடுவார் என்றார். குவார்ட்டர்ஸும் பாஸும் பெற்று ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எனக்கு இவ்வினா விளையாட்டாகத் தோன்றவில்லை.

இவ்வகைத் தொடர்களுள் பெயர்பெற்ற ‘ஸ்டார் ட்ரெக்’ 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே எடுக்கப்பட்ட மாதிரிப் படத்தின் தொடக்கத்திலேயே ராஜிநாமாப் பேச்சு வந்துவிடுகிறது. கப்பலின் தலைவர் பைக். சற்று முன்பு நடந்த சண்டையில் அவருடைய ஆட்கள் மூவர் மாண்டனர், எழுவர் காயமுற்றனர். அவரது அறைக்கு வந்த கப்பல் மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திறந்து, மருந்துக்குப் பதிலாக மதுவைக் கலந்து நீட்டுகிறார். மனம் திறக்கிறார் பைக். 203 உயிர்களுக்குப் பொறுப்பேற்றுச் சலித்துவிட்டது, எவரை அனுப்புவது, எவரை நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்துச் சலித்துவிட்டது என்கிறார். சொந்த ஊருக்குப் போய்க் குதிரையேறித் திரியலாம், இல்லையேல் வாணிகம் செய்யலாம் என்பது அவர் கனவு. உழைப்புக்கு அஞ்சியவர் அல்லர் அவர். தம் உத்தரவினால் பிறர் மடிகின்றனர் என்பதே அவரை வாட்டியது. இரவு முழுதும் கண்விழித்து வண்டிகளுக்கு வழிவிடும் கட்டுப்பாட்டு அறை அன்பர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்துத் தொடரில் வோர்ஃப் என்னும் அதிகாரி வருகிறார். 1991-இல் ஒளிபரப்பான கதையில் அவருடைய இனத்தாரிடையே உள்நாட்டுப் போர் மூள்கிறது. அயலார் சண்டையில் கப்பற்படை தலையிடலாகாது என்பது விதி. அயலார் என்று விதி சொல்வது வோர்ஃபுக்கு உடன்பிறந்தான் அன்றோ! பதவியைத் துறந்து தம்பியின் பக்கம் போய் நிற்கிறார். சேலத்திலோ திருப்பத்தூரிலோ பெற்றோர் தளர்ந்து கிடக்க, இங்கே பிள்ளைகளின் படிப்பும் கடனும் காலைக் கட்ட, எதை விடுவது என்று இரவெல்லாம் புரளும் குடும்பத் தலைவர் நம்மில் எத்தனை பேர்! வோர்ஃப் போர் முடிந்ததும் பழைய பணிக்கே மீண்டுவிடுகிறார். ராஜிநாமாக் கடிதம் ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால், நம் போன்றோருக்குப் பழைய நாற்காலி அவ்வளவு எளிதில் கிட்டாது.

என் மனத்தை மிகவும் உறுத்தியது ரோ லாரன் என்னும் பெண் அதிகாரியின் கதை. 1994-இல் வந்தது. இரு வல்லரசுகள் உடன்படிக்கை செய்து எல்லையை மாற்றி வரைகின்றன. புதுக் கோட்டுக்கு அப்பால் அகப்பட்ட குடியேறிகள், உழுத நிலத்தை விட மறுத்து ஆயுதமேந்துகின்றனர். அவர்களிடையே ஒற்றறிந்து வருமாறு ரோ அனுப்பப்படுகிறார். அவர்களோடு உண்டு, அவர்கள் துயரைக் கண்டபின் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சீருடையைத் துறந்து அவர்களோடு சேர்ந்துவிடுகிறார். தம்மை நம்பிய தலைவரை ஏமாற்றினார் என்பதும் உண்மையே. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் 1956 நவம்பர் 1 அன்று கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுக்கா மைசூர் ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. வீடும் கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தன, கோடுதான் நகர்ந்தது. இதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரோவின்மேல் எளிதில் கோபம் வராது.

நடிகர்களும் விலக எண்ணியதுண்டு. முதல் தொடரில் செய்தித் தொடர்பு அதிகாரியாக நடித்த கறுப்பினப் பெண்மணி நிஷெல் நிகோல்ஸ், நாடக மேடைக்குச் செல்ல விரும்பி முதலாண்டு முடிவில் விலகவிருந்தார். அப்போது சந்தித்த மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தடுத்துவிட்டார். எவருக்கும் தாழாத உத்தியோகத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை நாடு முழுதும் காண்பது சிறிய காரியமன்று என்று கிங் எடுத்துரைத்ததாக நிகோல்ஸே பலமுறை கூறியிருக்கிறார். அவரைத் திரையில் கண்டு வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் உண்மையிலேயே விண்வெளிக்குச் சென்றார். ஆனால், மறு ஆண்டே நாஸாவை விட்டு விலகிச் சொந்தத் தொழில் தொடங்கினார்! அவ்வாண்டிலேயே அதே தொடரின் வழிவந்த கதையொன்றில் சிறு வேடமும் ஏற்றார்.

நம் நாட்டிலும் ஒருவர் கதை உண்டு. 1982-இல் இந்திய விமானப்படையினின்று இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு ரஷ்யாவில் பயிற்சி பெற்றனர். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா விண்ணேறினார். அதே பயிற்சியை முடித்து, கடைசி நாள்வரை ஆயத்தமாயிருந்த ரவீஷ் மல்ஹோத்ரா தரையில் நின்றார். கப்பலில் ஏறியவர் விலகுவதைக் கதாசிரியர்கள் எழுதுகின்றனர். இடமே கிடைக்காதவர் விலகாதிருப்பதை எழுதுவோர் குறைவு. சர்மாவுக்கு அசோகச் சக்கரமும் மல்ஹோத்ராவுக்குக் கீர்த்திச் சக்கரமும் வழங்கப்பட்டன. மல்ஹோத்ரா படையிலேயே தொடர்ந்து ஏர் கமடோர் நிலைவரை உயர்ந்தார். ஓய்வுபெற்றபின் இதே பெங்களூரில் விமான உறுப்புகள் செய்யும் தொழிலில் இறங்கினார்.