பிசுக்குமையை ஒப்புவிக்க வேண்டாம், அளக்க விடுவோம்

உயர்தரப் பௌதிகவியலில் பிசுக்குமை என்றதும் எமது பிள்ளைகள் சூத்திரத்தை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள். "தண்ணீர், தேங்காயெண்ணெய் இரண்டில் பிசுக்குமை கூடியது எது?" என்று கேட்டால் சிலர், "தண்ணீர்தான், எண்ணெய் அதில் மிதக்குதே" என்கிறார்கள்.

மிதப்பது அடர்த்தியின் விடயம். பிசுக்குமை வேறு. திரவம் ஓடும்போது அதன் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த வழுக்கலுக்குத் திரவமே காட்டும் தடைதான் பிசுக்குமை. தேங்காயெண்ணெய்க்கு அடர்த்தி குறைவு, பிசுக்குமையோ தண்ணீரைவிடப் பல மடங்கு.

இதை அளக்கப் பெரிய செலவில்லை. பார்மசியில் கிளிசரின், சைக்கிள் கடையில் 3 மி.மீ. விட்டமுள்ள உருக்குக் குண்டு, உயரமான அகன்ற கண்ணாடிப் பாத்திரம், அடிமட்டம், கைப்பேசி. இவ்வளவுதான். குண்டை நடுவில் மெதுவாக விட வேண்டும். சற்றுத் தூரத்தில் மேலுதைப்பும் பிசுக்குமைத் தடையும் சேர்ந்து குண்டின் நிறையைச் சமன் செய்யும். அப்போதுள்ள மாறா வேகமே முடிவு வேகம். அதற்குப் பிறகு 20 செ.மீ. கடக்கும் நேரத்தை வீடியோவில் பார்க்கலாம்.

4 செக்கன் என்று வைப்போம். வேகம் செக்கனுக்கு 0.05 மீற்றர். ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி ஆரையின் வர்க்கம், அடர்த்தி வித்தியாசம், ஈர்ப்பு ஆர்முடுகல் மூன்றையும் பெருக்கி, அதன் இரு மடங்கை வேகத்தின் ஒன்பது மடங்கால் வகுக்க வேண்டும். உருக்கின் அடர்த்தி 7800, கிளிசரினுடையது 1260 (இரண்டும் கன மீற்றருக்குக் கிலோகிராமில்), ஆர்முடுகல் 10 என எடுத்தால் விடை ஏறத்தாழ 0.65 பஸ்கால் செக்கன். 30 பாகை செல்சியஸில் தண்ணீருக்கு 0.0008 அளவுதான்.

பாத்திரத்தை வெந்நீரில் வைத்து மீண்டும் செய்தால் குண்டு வேகமாக இறங்கும். வெப்பநிலையைக் குறிக்காத அளவீடு அரைகுறை என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காணும். ஆரையில் 10 வீதம் பிழைத்தால் விடையில் சுமார் 20 வீதம் பிழைக்கும், ஏனெனில் அது வர்க்கமாக வருகிறது. "எந்த அளவீட்டில் அதிகக் கவனம் வேண்டும்?" என்ற வினாவுக்கு அந்தப் பிள்ளை மனனம் செய்யத் தேவையில்லை.

ஆய்வுகூட அலுமாரி பூட்டிக் கிடக்க, மாதாமாதம் டியூஷனுக்குக் காசு கட்டுகிறோம். பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் புள்ளிகளோடு இதையும் கேளுங்கள்: "இந்தத் தவணையில் பிள்ளைகள் எத்தனை செய்முறைகளைத் தங்கள் கையால் செய்தார்கள்?" ஆசிரியர்களாகிய நாம் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.