குறைத்தபோது கைதட்டல், கூடினால் கேலியா?

நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் வகுப்பில் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தவன் நான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த எடையை அப்படியே வைத்துக்கொள்வது வேறு வேலை. முதல் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டாவதற்கு முடிவே கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல், எடை திரும்ப ஏறியவர்களைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று பேசுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பேச்சு பொய். பொய் என்பதோடு போகவில்லை, ஆளை நோயில் தள்ளுகிறது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் இரண்டு போட்டோக்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, "அன்றும் இன்றும்" என்று எழுதி, சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தார்கள். அவள் இரண்டு வருடத்துக்கு முன் 26 கிலோ குறைத்தவள். அன்றைக்கு இதே குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக நின்றன. இப்போது அதில் 15 கிலோ திரும்பி வந்திருக்கிறது. படம் போட்டவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதி தாண்டி ஏழு மாதம் ஆகிவிட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "போனா எடை மிஷின்ல ஏறச் சொல்வாங்க மாமா, டாக்டரும் திட்டுவாரு" என்றாள்.

உங்கள் சிரிப்புப் பொம்மை எங்கே போய் முடிகிறது, பார்த்தீர்களா?

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலேயே வருகிறேன். "கம்மியாகச் சாப்பிடு, அதிகமாக நட, அவ்வளவுதானே, சாதாரணக் கழித்தல் கணக்கு" என்று ஒரு வாதம் எல்லோரிடமும் இருக்கிறது. இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் என்னிடம் பாஸ் மார்க் வாங்கத் தவித்தவர்கள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். கழித்தல் கணக்கில் மேலே உள்ள எண் அசையாமல் நிற்கும். உடம்பில் அப்படி இல்லை. நீங்கள் கழிக்கக் கழிக்க, எதிலிருந்து கழிக்கிறீர்களோ அந்த எண்ணும் குறைந்துகொண்டே வரும். கூடவே பசி ஏறும்.

அமெரிக்காவில் "தி பிக்கஸ்ட் லூசர்" என்று ஒரு டி.வி. போட்டி நடந்தது. குண்டானவர்களை அழைத்து வந்து, கடுமையாக உழைக்க வைத்து, யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று பரிசு கொடுப்பார்கள். 2009-இல் அதில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை, அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்கிற விஞ்ஞானியின் குழு ஆறு வருடம் கழித்து மறுபடி சோதித்தது. முடிவு 2016-இல் வெளிவந்தது. 30 வாரத்தில் அவர்கள் குறைத்தது சராசரியாக 58 கிலோ. ஆறு வருடத்தில் அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. 14 பேரில் 13 பேருக்கு எடை ஏறியிருந்தது.

இதோடு நிறுத்தினால் "பார்த்தீர்களா, திரும்பவும் தின்றுவிட்டார்கள்" என்பீர்கள். அடுத்த எண்ணைக் கேளுங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் நம் உடம்பு சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அதே வயதும் அதே உடல்வாகும் உள்ள ஒருவருக்கு எவ்வளவு செலவாக வேண்டுமோ, அதைவிட இவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகச் செலவானது. ஆறு வருடம் கழித்தும், எடை பெரும்பாலும் திரும்பிய பிறகும்! 500 கலோரி என்றால் ஏழெட்டு இட்லி. பக்கத்து இலையில் இருப்பவர் சாப்பிடும் அதே சாப்பாட்டை இவர் சாப்பிட்டால், அவருக்கு ஒட்டாதது இவருக்கு ஒட்டும். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

இனி பசி. 2011-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களின் ரத்தத்தை ஒரு வருடம் கழித்துச் சோதித்தார்கள். லெப்டின் என்று ஒரு ஹார்மோன் உண்டு. கொழுப்பிலிருந்து சுரந்து, "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லும். அது குறைந்தே கிடந்தது. கிரெலின் என்று வயிற்றிலிருந்து பசியைத் தூண்டுகிற ஹார்மோன், அது ஏறியே கிடந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்களுக்குப் பசி முன்னைவிட அதிகம்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு, தங்கள் உடம்பிலிருந்து தினமும் எவ்வளவு கலோரி வெளியேறுகிறது என்பது தெரியாது. அவர்கள் டயட் இருக்கவும் இல்லை. ஆனாலும் எடை ஒவ்வொரு கிலோ குறையும்போதும், அவர்கள் சாப்பிடும் அளவு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி தானாகக் கூடியது என்று அதே கெவின் ஹால் குழு கணக்கிட்டது. ஆளுக்கே தெரியாமல் உடம்பு கடனைத் திருப்பி வசூலிக்கிறது. இதை "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எப்படிச் சொல்வீர்கள்?

பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. யாரும் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்பதில்லை. இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி இரண்டும் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. வெகோவியில் இருக்கும் செமாகுளூடைட் மருந்தைப் போட்டுக்கொண்டு குறைத்தவர்கள், அதை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் ஏற்றிக்கொண்டார்கள் என்று ஆய்வு சொல்கிறது. மனம் மாறியதால் அல்ல, மருந்து போனதும் பழைய பசி வந்ததால். எடை விஷயம் பிரஷர் மாதிரிதான். வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறீர்களே சார்" என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

என் 54-ஆவது வயதில் நான் 104 கிலோ. கரும்பலகையின் மேல்வரியில் எழுதினால் மூச்சு வாங்கும். 14 மாதத்தில் 73-க்கு வந்தேன். இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. நடுவில் 84 வரை போய், இப்போது 79-இல் நிற்கிறேன். சனிக்கிழமை தோறும் காலையில் எடை பார்க்கிறேன். 81-ஐத் தொட்டால் அந்த வாரமே சாப்பாட்டை இறுக்குகிறேன். தினமும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடை.

இதை என் மன உறுதி என்று நீங்கள் மேடை போட்டுப் பாராட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா? மாதம் பிறந்தால் பென்ஷன் இருக்கிறது. காலையில் யாரும் என்னிடம் டிபன் பாக்ஸ் கேட்பதில்லை. எனக்காகத் தனியாகக் காய் வேக வைக்க உங்கள் டீச்சரம்மா இருக்கிறார். நடந்து திரும்பினால் காபி கையில் வரும்.

எடையைக் குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றியவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1994-இல் இருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடற்பயிற்சி செய்கிறவர்கள், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வருடம் முழுக்க, ஆயுள் முழுக்க. அதுதான் இதற்கான விலை.

இப்போது அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுகிறாள். இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் சாப்பாடு கட்டுகிறாள். மாமியாருக்கு மாத்திரை. எட்டேகால் பஸ். மாலை ஆறரைக்கு வீடு. பிறகு மாவு, பாத்திரம், வீட்டுப்பாடம். எடை குறைத்த அந்த ஒரு வருடம், அவள் அம்மா வந்து இருந்து சமையலைப் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு முடியாமல் போனதும் அந்த ஒரு மணி நேரம் போயிற்று. எடை திரும்பியது. அவளிடமிருந்து அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் யாரோ, அவர்களும்தான் குழுவில் சிரித்திருக்கிறீர்கள். இதைக் கோபமாகவேதான் எழுதுகிறேன்.

அடுத்து விளம்பரக்காரர்கள். "90 நாளில் 20 கிலோ" என்று நம் ஊரில் தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. 90-ஆவது நாள் படத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். அங்கே பணம் கட்டப் போகிற என் மாணவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாம் வருடப் படம் இருக்கிறதா?" குறைப்பதை விற்கிறார்கள். காப்பதை விற்பதில்லை. திரும்ப ஏறினால் அவர்களுக்கு இரண்டாம் முறை ஃபீஸ்.

விருந்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறுவீட்டுச் சொதி விருந்தில் "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று இலையில் தள்ளுகிறீர்கள். வேண்டாம் என்றால் கோபிக்கிறீர்கள். இளைத்தால் "சுகர் வந்துட்டா?" என்கிறீர்கள். ஏறினால் "என்ன, பழைய ஆளாயிட்ட?" என்கிறீர்கள். அவர்கள் எந்த எடையில்தான் உங்கள் முன்னால் வருவது?

"அப்படியானால் குறைக்கவே வேண்டாமா, எப்படியும் ஏறத்தானே போகிறது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். குறைக்க வேண்டும். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சும்மா இருக்க முடியாது. ஆனால் வெற்றிக்கு வேறு அளவுகோல் வேண்டும். அமெரிக்காவில் சர்க்கரை உள்ளவர்களிடம் நடந்த "லுக் அஹெட்" என்ற பெரிய ஆய்வில், தொடர்ந்து பயிற்சியும் ஆலோசனையும் கிடைத்தவர்களில் பாதிப்பேர், எட்டு வருடம் கழித்தும் தொடக்க எடையில் 5 சதவீதமாவது குறைவாக இருந்தார்கள். 90 கிலோ உள்ளவருக்கு அது நாலரைக் கிலோ. போட்டோவில் தெரியாது. ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அந்தக் குறைவே உதவும். "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். எட்டு வருடமும் ஆள் துணை இருந்தது. நம் வீட்டுப் பெண் 26 குறைத்து 15 ஏறினாள் என்றால், இன்னும் 11 கிலோ குறைவாக இருக்கிறாள். அவ்வளவு வேலைக்கு நடுவில் 11 கிலோவைக் காப்பாற்றி வைத்திருப்பவளைப் பார்த்தா சிரித்தீர்கள்?

ஆகவே கேட்பது மூன்று. ஒன்று, யாருடைய உடம்பைப் பற்றியும், இளைத்தாலும் ஏறினாலும், குழுவில் பேசாதீர்கள். பாராட்டும் வேண்டாம், நாளைக்கு அதுவே அளவுகோலாகித் தொண்டையில் நிற்கிறது. இரண்டு, உங்கள் வீட்டில் எடையோடு போராடுகிற ஒருவர் இருந்தால் புத்தி சொல்லாதீர்கள், தினம் ஒரு மணி நேரத்தை விடுவித்துக் கொடுங்கள். ஆண்பிள்ளைகளே, உங்களைத்தான். மாவு அரைக்கத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள், மடக்கையே போடக் கற்றவர்கள் நீங்கள். மூன்று, என் மாணவர்களில் டாக்டர்கள் பதினொரு பேர் இருக்கிறீர்கள். "எடையைக் குறையுங்கள்" என்று சீட்டில் எழுதி அனுப்புவதோடு முடிக்காதீர்கள். குறைத்து வந்தவரிடம் "இனிமேல்தான் வேலை, மாதம் ஒரு முறை வாருங்கள்" என்று சொல்லுங்கள். ஏறி வந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

எடை ஏறிப்போனது என்று வெளியே வராமல் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு: மிஷினில் தெரிவது எண். மதிப்பெண் இல்லை. பரிசோதனைக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், நானும் டீச்சரம்மாவும் கூட வருகிறோம். அவளோடு வருகிற திங்கட்கிழமை போகிறோம்.

காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். யார் வந்தாலும் சேர்ந்து நடக்கலாம். எடை என்ன என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்